கட்டி என்று சொன்னேன்

என்னிடம் நீளவாக்கில் தைத்த ஒரு நோட்டு இருக்கிறது. தொட்டுத் தொட்டு அதன் ஓரங்கள் பழந்துணிபோல் மெத்தென்று ஆகிவிட்டன. சமவெளியில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் தட்டச்சு செய்தேன். மருத்துவர்கள் நுண்ணோக்கியில் கண்டதைக் கிறுக்கித் தருவார்கள். அதை அறிக்கையாக்குவது என் வேலை. பொருள் தெரியாத சொல்லை அடிக்க எனக்குக் கை வராது. அதனால் அட்டை கிழிந்த மருத்துவ அகராதி ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, மதிய உணவு வேளைகளில் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் எழுதிவைத்தேன். இடியோபதிக்: காரணம் அறியப்படாத. டிஸ்ப்னியா: மூச்சுத் திணறல். கெகெக்சியா: நோயால் உடல் உருகிப்போதல். அகராதி இரண்டு வரியில் சொன்னதை நான் ஒரு வரிக்குக் குறைப்பேன்; பிறகு அந்த ஒரு வரியை ஒரு சொல்லாக்க முடியுமா என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வருவேன். அந்த நாட்களில் அது எனக்கு ஒரு சுகமாக இருந்தது. சொல்லுக்குப் பின்னால் ஓர் உடம்பு இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆனால் அந்த உடம்பை நான் பார்க்க வேண்டியதில்லை.

ஓய்வு பெற்றதும் நானும் என் கணவரும் மலைமேல் வந்து குடியேறினோம். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் என் பிறந்தகத்து நிலம் இருந்தது, ஆனால் அங்கே வெயில் தாங்காது என்பார் அவர். சோளக்காடு என்ற ஊரில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் மேடேறினால் எங்கள் வீடு. வந்த இரண்டாம் ஆண்டு அவருக்கு வயிற்றுவலி கண்டது. அறிக்கை என் கைக்குத்தான் வந்தது. "என்ன போட்டிருக்குது?" என்று கேட்டார். அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை. நோட்டிலிருந்து வாசிப்பவளைப் போல, கணையத்தில் எழுந்த புற்று, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று முழுவதையும் சொன்னேன். "சரி" என்றார். சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவி வைத்தார். அதன்பிறகு ஒரு வேளைகூட அவர் முழுச் சாப்பாடு சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் நாற்பத்தோராம் நாள் போய்விட்டார். மருத்துவர் எட்டு மாதமாவது இருப்பார் என்று சொல்லியிருந்தார். நோயை முந்திக்கொண்டு அந்தச் சொல்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று நான் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் உறுதியாக நம்பினேன்.

மலையில் செய்தி பரவ நேரம் ஆகாது. கீழே மருத்துவமனைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், இங்கிலீஷில் இருப்பதைப் படித்துச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்று அறிந்து என் வீட்டுக்கு ஏறி வரத் தொடங்கினார்கள். ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள், எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்திருப்பார்கள். "ரிப்போர்ட்டக்கா ஊட்டுக்குப் போறவிங்க சீக்கிரம் வந்து சேருங்க, வண்டி நிக்காது" என்று கண்டக்டர் கத்துவது எனக்கு அடுப்படி வரை கேட்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பேன். என்ன செய்ய வேண்டும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்வேன். நோயின் பெயரை மட்டும் கொஞ்சம் இறக்கிச் சொல்வேன். சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்தால், சிறுநீரகம் சோர்ந்திருக்கிறது என்பேன். இதயத் தசை வலுவிழந்திருந்தால், நெஞ்சுக்கு ஓய்வு வேண்டும் என்பேன். என் கணவருக்குச் செய்ததை வேறு யாருக்கும் செய்யக்கூடாது என்பது என் எண்ணம். அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தோழியாகிப்போன அவள் அறிக்கையோடு வந்தவள் அல்ல. ஆலத்தூர் நாடு என்னும் மலையூர்த் தொகுதியில் ஒரு சிற்றூர் அவளுடையது. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியும் கொய்யாவும், பருவத்தில் மிளகும் கொண்டுவந்து விற்பாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி என் சமையலறைக்குள் வந்தவள், மேசைமேல் விரித்துக்கிடந்த நோட்டைப் பார்த்து, "என்னங்க்கா, இம்புட்டும் கணக்குங்களா?" என்றாள்.

"இல்ல அம்மிணி. எல்லாம் நோவோட பேரு."

"இத்தனை நோவா இருக்குது ஒலகத்துல!" என்று வாயில் கைவைத்தாள். பிறகு, "நல்ல நோவு ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

நல்ல நோய்க்கு எங்கே போவது? தேடிப்பார்த்து, போர்போரிக்மி என்று வாசித்தேன். குடலுக்குள் காற்றும் நீரும் நகரும்போது வயிறு கடமுடவென்று கத்துமே, அதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மழைச்சத்தம் கேட்கவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் காதில் விழுந்தது கல்லில் வெட்டியதுபோல் நிற்கும். அடுத்த வாரம் சந்தையில், அன்னாசியை அரைவிலைக்குக் கேட்டுக்கொண்டு நகராமல் நின்ற டவுன்காரர் ஒருவரிடம், "ஏனுங்க, உங்களுக்குப் போர்போரிக்மி முத்திப்போச்சுங்க. பழத்தை வெச்சுட்டு மொதல்ல டாக்டரைப் பாருங்க" என்றாள். அவர் பதறிப்போய் வயிற்றைத் தடவிப்பார்த்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் சிரித்துச் சிரித்து அன்றைக்கு வியாபாரம் ஓடவில்லை.

அதிலிருந்து சந்தை நாளெல்லாம் வந்துவிடுவாள். நான் ஒரு சொல் சொல்வேன். அவள் பதிலுக்கு ஒன்று தருவாள். ஹெர்பிஸ் ஜாஸ்டர் என்றால் நரம்பின் வழியே கொப்புளம் எழுவது என்று விளக்கினேன். "அட, அக்கிங்க்கா அது! காவி மண்ணக் கரைச்சு அது மேல சிங்கம் எழுதுவாங்க. எங்கப்பனுக்கு எழுதின சிங்கம் பூனையாட்டம் இருந்துச்சு, அப்பறமும் அக்கி போயிருச்சு" என்றாள். இப்படி மாந்தம், கணை, சேத்துப்புண் என்று என் நோட்டில் இன்னொரு பத்தி வளர்ந்தது. இடப்பக்கம் அகராதியின் சொல், நடுவில் என்னுடையது, வலப்பக்கம் அவளுடையது. என் கணவர் போனபின் என் வீட்டில் சிரிப்பு கேட்டது அவளால்தான். இதை நான் இங்கே எழுதிவைக்க வேண்டும். பின்னால் வருவதைப் படிக்கிறவர்கள் நான் அவளை எவ்வளவு விரும்பினேன் என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

ஒரு மார்கழியில் அவளும் அவள் வீட்டுக்காரரும் பேருந்திலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்கள். இடது மார்பில் புளியங்கொட்டையளவு ஏதோ தட்டுப்படுவதாக அவள் முன்பே சொல்லியிருந்தாள். போய்க் காட்டு என்று நான்தான் விரட்டியிருந்தேன். ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்த அன்று பெரிய மருத்துவர் இல்லை. திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்று தாளை மட்டும் கொடுத்திருந்தார்கள். பேச்சுக் குறைவான மனிதர் அவள் வீட்டுக்காரர். தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

இன்வேசிவ் டக்டல் கார்சினோமா. அந்த மூன்று சொற்களை நான் எத்தனை நூறு முறை தட்டச்சு செய்திருப்பேன்! என் நோட்டில் அதற்கு நேரே இருப்பது இது: பால்குழாயில் தோன்றி, குழாயின் சுவரைக் கடந்து பரவும் புற்று. எனக்கு அகராதி தேவைப்படவில்லை. கீழே தரம் மூன்று என்றும் இருந்தது. வேகமாக வளரும் வகை என்று அதற்குப் பொருள்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க்கா, நல்ல நோவுங்களா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். தட்டைக் கழுவி வைத்த என் கணவரின் கை எனக்குத் தெரிந்தது.

"பால்குழாய்ல ஒரு கட்டி, கண்ணு" என்றேன். "எடுத்துடணும். சும்மா உடக்கூடாது. திங்கக்கெழம போயி டாக்டரைப் பாருங்க."

"கட்டிதானுங்களா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"கட்டிதானுங்க தம்பி."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அவள் முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தாள். "நான் சொன்னனல்ல? இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தாருங்க்கா" என்று அவரைக் குத்திக்காட்டினாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த பேருந்துக்குப் போனார்கள். செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டேன், பெயரை மருத்துவர் பக்குவமாகச் சொல்லிக்கொள்வார் என்று நான் நிம்மதியாகவே இருந்தேன்.

திங்கட்கிழமை அவர்கள் போகவில்லை. அடுத்து வந்த இரண்டு சந்தைக்கும் அவள் வரவில்லை. மிளகுப் பறிப்பு தொடங்கிவிட்டதென்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். போன் செய்தேன், அவர்கள் ஊரில் மரத்தடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். மூன்றாம் வாரம் பொறுக்கமாட்டாமல் கிளம்பினேன். ரோடு முடியும் இடத்தில் இறங்கி, மரவள்ளிக் காட்டோரமாக ஒரு மணி நேரம் நடந்தேன்.

அவர்கள் காட்டில் இருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது. அவள் வீட்டுக்காரர் மூங்கில் ஏணிமேல் நின்று சரம் சரமாகப் பறித்துப் போட, அவள் கீழே சாக்கு விரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, ரிப்போர்ட்டு நடந்தே வந்திருச்சு!" என்று என்னைப் பார்த்துக் கூவினாள்.

"ஏன் டாக்டர்கிட்டப் போகல?" என்றேன்.

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "சாமிகிட்டப் பூக் கேட்டமுங்க" என்றார். அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. உடம்பில் கத்தி வைப்பதென்றால் ஊர்ச்சாமியைக் கேட்காமல் வைக்கமாட்டார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்துச் சந்நிதியில் போட்டு, இன்னாருக்கு இன்ன நோவு, இப்போது செய்யவா, பொறுக்கவா என்று வாய்விட்டுச் சொல்லி, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள்; வெள்ளை வந்தால் பொறுக்கலாம், சிவப்பு வந்தால் உடனே செய்ய வேண்டும். நோவின் பெயரைச் சொல்லியாக வேண்டும். பெயரில்லாமல் கேட்டால் அது கேள்வியே ஆகாது. "பால்குழாய்க் கட்டின்னு சொல்லிக் கேட்டமுங்க. வெள்ளை வந்துச்சு. மொளகு எறக்கிட்டுப் பங்குனியில போலாம்னு உத்தரவுங்க."

என் வாயிலிருந்து வந்த பெயர் கோவிலுக்குள் போய் வந்திருந்தது.

"மறுபடியும் கேளுங்க" என்றேன்.

"ஒரு நோவுக்கு ஒருக்காத்தானுங்க கேக்கறது. ரெண்டாந்தரம் கேட்டாச் சாமிய நம்பலைன்னு ஆயிருமுங்க."

அது வேறு நோய் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் தந்தது நோயின் பெயரே அல்ல. ஆகவே நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் வழக்கத்துக்கும் அது பொருந்தியிருக்கும். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு சொல்லை உரக்கச் சொல்வது. ஆனால் அவள் அங்கேயே நின்றாள். தலையில் மிளகிலை ஒட்டியிருந்தது. "அக்கா மூஞ்சியப் பாருங்க, அவிங்களுக்குத்தான் ஆப்பரேசன் போல" என்று தன் வீட்டுக்காரரிடம் சிரித்தாள். "சீக்கிரம் போறது நல்லதுங்க தம்பி, கட்டி வளரும்" என்று மட்டும் சொன்னேன். "மொளகு முடிஞ்சதும் போயிருவமுங்க" என்றார் அவர். எனக்கு ஒரு பை நிறையக் கொய்யா கொடுத்தனுப்பினாள். திரும்பும் வழியில் அதன் கனம் தாங்காமல் நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்று தீர்மானித்தேன். மறுநாளும் அப்படியே தீர்மானித்தேன். தை முழுவதும், மாசி முழுவதும் தீர்மானித்துக்கொண்டே இருந்தேன். ஒரு கடிதம்கூட எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் இதை எப்படிப் படிப்பார்கள் என்று கிழித்துப்போட்டேன். மனிதர் கோழையாக இருப்பதற்கு இத்தனை நியாயங்கள் அகப்படும் என்பதை அந்த இரண்டு மாதத்தில் கற்றேன்.

பங்குனியில் சொன்ன சொல் தவறாமல் போனார்கள். கட்டி அப்போது எலுமிச்சையளவு இருந்தது. ஸ்கேனில் கல்லீரலிலும் முதுகெலும்பிலும் புள்ளிகள் தெரிந்தன. அந்த அறிக்கையை அவர்கள் என்னிடம் கொண்டுவரவில்லை. மருத்துவரே கூப்பிட்டு உட்காரவைத்து, முற்றிவிட்டது, பரவிவிட்டது என்று சொல்லியிருந்தார். இனி அறுப்பதில் பயனில்லை என்று மருந்து ஏற்றினார்கள். ஊசி போட்டுக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தியெடுத்தபடி அவள் மேலேறி வருவாள். மூன்றாவது முறைக்குப் பிறகு போகமாட்டேன் என்றுவிட்டாள். நான் தனியே போய் அந்த மருத்துவரைப் பார்த்தேன். மார்கழியிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் மேசைமேல் கிடந்த பேனாவை நகர்த்தினார். "அப்பவே பரவியிருக்கலாம், பரவாமலும் இருந்திருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த இரண்டு 'லாம்'களுக்கு நடுவில்தான் நான் இன்றுவரை படுத்து எழுகிறேன்.

ஆடியில் அவள் வயிறு பெருத்தது. கைகால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் பானையாக, கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தாள். பார்க்கப் போன நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன்.

"இதுக்கு உங்க நோட்டுல என்னங்க்கா பேரு?" என்றாள், வயிற்றைத் தொட்டு.

"அசைட்டிஸ். வயித்துக்குள்ள தண்ணி கோத்துக்கறது. தமிழ்ல மகோதரம்னு எழுதியிருக்கறேன்."

"மகோதரம்." மெல்லச் சொல்லிப்பார்த்தாள். "கோவில் பேராட்டம் இருக்குதுங்க்கா." பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எங்காளுக இதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சு வெக்கிறேன். அடுத்த சந்தைக்கு வாரப்பச் சொல்றேன்."

சந்தைக்கு அவள் வரவில்லை. நோட்டில் மகோதரத்துக்கு நேரே வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. அன்றைக்கு ஏன் கட்டி என்று சொன்னீர்கள் என்று அவள் என்னைக் கேட்கவேயில்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டாளா, கேட்கத் தோன்றவில்லையா என்பதை அறிய இனி வழியில்லை. ஆவணி பிறந்து நாலாம் நாள் இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் வீட்டுக்காரர் வந்தார். மொட்டையடித்த தலையில் துண்டு கட்டியிருந்தார். கிராம அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய இறப்புப் படிவத்தை முன்போலவே இரண்டு கையாலும் நீட்டினார். அவள் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினேன். இறப்புக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பேனா நின்றது. பிறகு எழுதினேன். மார்பகப் புற்றுநோய். தமிழில்தான் எழுதினேன், ஒவ்வோர் எழுத்தையும் திருத்தமாக, கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்குமாறு எழுதினேன்.

அவர் தாளை வாங்கி, விரல் வைத்து, அந்தக் கட்டத்தைப் படித்தார். படிக்க வெகுநேரம் ஆயிற்று.

"ஏனுங்கக்கா" என்றார். "இந்தப் பேரு, மொத மொத வந்தமே, அந்தத் தாள்லயே இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க தம்பி."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் அதை வாங்கிக்கொண்டு நான் எங்காவது வைத்திருப்பேன். அவர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பாம்புக்கடிக்கும் புத்துநோவுக்கும் நாங்க பூக் கேக்கறதில்லீங்க" என்றார். எனக்குத் தெரியாத ஒரு விவரத்தை எடுத்துச் சொல்பவரைப்போல அமைதியாகத்தான் சொன்னார். "மொதல்ல தூக்கிட்டு ஓடிருவமுங்க. சாமிக்கு அப்பறமா வந்து சொல்லிக்குவம்."

கீழே பேருந்து ஹாரன் அடித்தது. "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் கொடுத்த டீ அப்படியே இருந்தது.

இப்போதும் சிலர் பையைச் சுருட்டிக்கொண்டு மேடேறி வருகிறார்கள். தாளில் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். போன வாரம் ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு, என் அடுப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் முதுகைப் பார்த்தபடி நின்றேன்.